முழுசாக அடைத்த அசெஸ்மென்ட் மறுபடி வரி பில்லில்: யாரைப் பிடிப்பது?

கலிபோர்னியாவில் வீடு வைத்திருப்பவர்கள், நகர நிதித்துறை வேலை தெரிந்தவர்கள் உதவுங்கள்.

எங்கள் தெரு 1915 இம்ப்ரூவ்மென்ட் பாண்ட் சட்டத்தின் கீழ் வரும் அசெஸ்மென்ட் டிஸ்ட்ரிக்டில், அதாவது பொதுப்பணிச் செலவை அதனால் பயன்பெறும் சொத்துகள் மீது பங்கிட்டு வசூலிக்கும் பகுதியில், இருக்கிறது (மெல்லோ-ரூஸ் என்ற வேறு வகைச் சிறப்பு வரி இல்லை). சாலைக்கும் சாக்கடைக்கும் நகரம் பாண்ட் (கடன் பத்திரம்) விற்றுக் கடன் வாங்கியது. நாங்கள் சொத்துவரியோடு தவணையாக அடைக்கிறோம். போன மார்ச்சில் நகரம் தந்த பேஆஃப் (மீதியை ஒரேயடியாக அடைக்கும்) கணக்குப்படி என் பங்கு மொத்தத்தையும் கட்டிவிட்டேன். பாண்டை முன்கூட்டி மீட்பதற்கான கூடுதல் தொகை (பிரீமியம்) உட்பட.

அக்டோபர் சொத்துவரி பில்லில் பழைய தவணைத் தொகையே மறுபடி நிற்கிறது, ஒரு சென்ட் குறையாமல். லீன் (இந்தக் கடனுக்காக வீட்டின் மீதுள்ள பிடிமானம்) விடுவிப்பும் இன்னும் கவுன்டியின் ரெக்கார்டர் (சொத்து ஆவணப் பதிவு) அலுவலகத்தில் பதிவாகவில்லை.

கவுன்டியைக் கேட்டால், நகரம் ஆகஸ்டில் அனுப்பிய பட்டியலைத்தான் ஏற்றினோம் என்கிறார்கள். நகர நிதித்துறை, அசெஸ்மென்ட் கணக்கைப் பார்க்கும் வெளி கன்சல்டன்டைக் கைகாட்டுகிறது. அவரோ, நகரம் எழுதிக் கொடுத்தால்தான் திருத்துவேன் என்கிறார். நல்ல பந்தாட்டம். ரசீது, பார்சல் எண் (மனையின் பதிவு எண்), பேஆஃப் கடிதம் எல்லாம் மூன்று பேருக்கும் மெயிலில் போய்விட்டன.

டிசம்பர் 10 தாண்டினால் முதல் தவணைக்கு 10 சதவீத அபராதம். அந்தத் தொகையை மட்டும் கழித்துக் கட்டவும் கவுன்டி விடாது. இந்த பாண்டில் பாக்கி விழுந்தால் நகரமே கோர்ட்டுக்குப் போய் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம் என்பதால், கட்டாமல் விடவும் துணிச்சல் இல்லை.

இப்படி மாட்டித் திருத்திய பில் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: நகரத்தில் எந்த அதிகாரிக்கு எழுதினால் கவுன்டிக்குத் திருத்தம் போகும்?