அப்பாவின் ஓய்வுப் பணம்: சொசைட்டியும் வங்கிதானா?

மேலூர்க்காரன்:
வணக்கம். ஓய்வு பெற்ற அப்பாவின் பணத்தில் 3 லட்சத்தை அவருடைய பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. செயலியில் "வரம்பு மீறியது" என்று ஒரே ஒரு வரி. அப்பாவுக்கு எரிச்சல். "ஊர்ச் சொசைட்டியிலேயே போடு, அதுவும் பேங்க்தானே" என்கிறார். அங்கே ஏற்கெனவே 4 லட்சம் இருக்கிறது. அரசு வங்கி ஒன்றில் இரண்டு கிளைகளில் தலா 4 லட்சம். வங்கி மூழ்கினால் ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் வரை காப்பீட்டுப் பணம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. சரிதானா?

பழைய காசாளர்:
பணம் திரும்பியதில் கோளாறு இல்லை தம்பி. பேமென்ட்ஸ் வங்கியில் ஒருவர் கணக்கில் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2021 வரை 1 லட்சம்தான். அங்கே கடனும் கிடையாது, நிரந்தர வைப்பும் கிடையாது. மின்கட்டணம் கட்டவும் பணம் அனுப்பவும் சரி.

அரசு வங்கி விஷயத்தில் அப்பா போட்ட கணக்குத் தவறு. காப்பீடு கிளைக்குக் கிளை அல்ல, வங்கிக்கு ஒன்று. 8 லட்சத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கிடைப்பது அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். (2020 பிப்ரவரிக்கு முன் வெறும் 1 லட்சம்!) ஆனாலும் அரசு வங்கி என்பதால் நான் தூக்கம் கெட மாட்டேன். சொசைட்டிதான் உறுத்துகிறது. வைப்பு ரசீதின் தலையில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறது?

மேலூர்க்காரன்:
"தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்", ஐயா. கட்டட முகப்பில் மட்டும் உரிந்துபோன நீலப் பெயின்ட்டில் "வங்கி" என்று தெரிகிறது.

பழைய காசாளர்:
அப்படியானால் அந்த 4 லட்சத்துக்கு வைப்புக் காப்பீடு இல்லை. கூட்டுறவில் மூன்று படிகள். சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, அதன் கீழ் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், அடியில் உங்கள் ஊர்ச் சங்கம். மேலிரண்டும் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில், காப்பீட்டோடு இருக்கின்றன. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் காப்பீடு உண்டு. சங்கம் கூட்டுறவுப் பதிவாளரின் கீழ் வருவது. பெயரில் "வங்கி" என்று போட்டுக்கொள்ளவே 2020இல் திருத்திய சட்டம் அதற்கு இடம் தரவில்லை. முகப்பை யாரும் அழிக்கவில்லை போலும். சங்கத்தைக் குறை சொல்லவில்லை. பயிர்க்கடன், நகைக்கடன் என்றால் நானே அங்கேதான் போவேன்.

குடந்தை வாசகி:
குறுக்கிடுகிறேன். சிறு நிதி வங்கி என்கிறார்களே, அதுவும் எங்கள் தெரு "நிதி"யும் ஒன்றா?

பழைய காசாளர்:
பெயர்தான் குழப்புகிறது அம்மா. சிறு நிதி வங்கி ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற முழு வங்கி, காப்பீடு உண்டு. "நிதி" என்பது உறுப்பினர்களிடமே வைப்பு வாங்கி, அவர்களுக்கே கடன் கொடுக்கும் கம்பெனி. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் கீழ் வருவது, காப்பீடு இல்லை. கிராம வங்கி வேறு. நம் மாநிலத்தில் பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019இல் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. அதற்குக் காப்பீடு உண்டு.

மேலூர்க்காரன்:
நன்றி ஐயா. 3 லட்சத்தைக் கிராம வங்கியில் போட்டுவிட்டோம். சங்க வைப்பு மார்ச்சில் முதிர்கிறது. முன்னதாக எடுத்தால் வட்டி குறையுமாம். அதுவரை பொறுப்பதாக அப்பா சொல்லிவிட்டார். ரசீதைப் பீரோவிலிருந்து எடுத்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்.