மஞ்சக்குப்பம் வீடு: குடும்பக் குழு

செல்வி அத்தை: அண்ணனுக்கு இரைப்பையையே எடுக்கப் போகிறார்களாமே? பாடலீஸ்வரர் கோயிலில் வைத்து ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

குமார்: யார் சொன்னது அத்தை?

செல்வி அத்தை: வசந்தாவிடம் கேள்.

வசந்தா சித்தி: ஆபரேஷனாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

கவிதா: அத்தை, இரைப்பையை எடுக்கவில்லை. உள்சுவரில் தட்டையாக ஒரு திட்டு, இரண்டரை சென்டிமீட்டர். பயாப்ஸியில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று வந்திருக்கிறது. வாய்வழியாக எண்டோஸ்கோபியிலேயே எடுத்துவிடலாம் என்கிறார் புதுச்சேரி டாக்டர்.

பாபு மாமா: கம்பி வளையம் போட்டு இழுப்பார்களே, அதுதானே? எனக்குக் குடலில் அப்படித்தான் எடுத்தார்கள். அரை மணி நேரம்.

கவிதா: உங்களுடையது காம்புள்ள பாலிப், அதாவது காம்போடு தொங்கும் சதை வளர்ச்சி, மாமா. வளையத்தில் மாட்டும். தட்டைத் திட்டு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் வளையத்தில் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். அப்புறம் ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பரிசோதனைக் கூடத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே இடத்தில் திரும்பவும் வளரலாம். இதற்காகத்தான் 1990களில் ஜப்பானில், திட்டை அடியோடு அறுத்து ஒரே துண்டாக எடுக்கும் இ.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்தார்கள். திட்டைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகச் சுட்டு அடையாளம் வைப்பார்கள். அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஏற்றினால் திட்டு உப்பி, தசையை விட்டு மேலே எழும். மின்கத்தியால் சுற்றிக் கீறி, அந்த நீலப் படலத்துக்குள்ளேயே அறுத்துக்கொண்டு போய் முழுதாக எடுப்பார்கள். தசையைக் குத்தாமலிருக்க நுனியில் பீங்கான் குமிழ் வைத்த கத்தியும் உண்டு. இப்போது கிளிப்பில் நூல் கட்டி இழுத்துப் பிடிக்கிறார்கள். அறுக்கும் இடம் நன்றாகத் தெரிகிறது. எடுத்ததை எங்கள் எண்டோஸ்கோபிப் பிரிவில் நானே பலகையில் விரித்து, சுற்றிலும் ஊசி குத்திப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவேன்.

குமார்: குரல் பதிவாகப் போடக்கூடாதா அக்கா?

வசந்தா சித்தி: ஓட்டை விழுந்தால்?

கவிதா: விழலாம் சித்தி, ரத்தமும் கசியலாம். பெரும்பாலும் அங்கேயே கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். அதனால்தான் இதில் பழகிய கை வேண்டும் என்கிறேன். ஜிப்மரிலும் ஒரு முறை காட்டிக் கேட்போம்.

செல்வி அத்தை: நெல்லிக்குப்பம் நிலத்தை விற்றபோதும் எனக்குக் கடைசியில்தான் சொன்னீர்கள்.

பாபு மாமா: அது இப்போது எதற்கு?

மணி சித்தப்பா: மீனாவின் வளைகாப்பு வாரத்திலேயே இதுவும் வந்தால்? வளைகாப்பைத் தள்ளி வைப்பதா?

பெரியம்மா: தள்ளாதீர்கள், அவருக்குக் கோபம் வரும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நேற்றே நிறுத்திவிட்டார்.

கவிதா: பெரியம்மா! ஸ்டென்ட் வைத்தவர், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இப்போதே போன் செய்யுங்கள்.

பெரியம்மா: செய்கிறேன்.

கவிதா: வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமியும் இருக்கிறது. அதையும் மருந்து கொடுத்து ஒழிக்க வேண்டும். விட்டால் இரைப்பையில் வேறொரு இடத்தில் இப்படித் திட்டு வர வாய்ப்பு அதிகம். கருவாட்டையும் குறையுங்கள்.

பாபு மாமா: கடலூர் முதுநகரில் பிறந்தவரிடம் கருவாடு வேண்டாம் என்பதா!

பெரியம்மா: இதய டாக்டரிடம் பேசிவிட்டேன். இன்றைய மாத்திரையை உடனே போடச் சொன்னார். எப்போது நிறுத்துவது என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்வார்களாம்.

கவிதா: நல்லது. தேதி அதற்குப் பிறகுதான்.

மணி சித்தப்பா: இரவுத் துணைக்கு யார்?

குமார்: முதல் நாள் நான்.

வசந்தா சித்தி: மறுநாள் நான்.

செல்வி அத்தை: என் அண்ணனுக்கு நான் இருக்க மாட்டேனா?

மணி சித்தப்பா: தேதி வரட்டும், பேசிக்கொள்ளலாம். வளைகாப்புக்கு வேன் சொல்லிவிடட்டுமா?