எஃப்டெலிங் கதைக்காட்டுச் சிலைகள்: எது எந்தக் கதை?

சிறுவர்இதழ்:
நெதர்லாந்தில் காட்ஸ்ஹூவெல் ஊரில் இருக்கும் எஃப்டெலிங் பூங்காவின் கதைக்காடு பற்றிச் சிறுவர் இதழில் நான்கு பக்கம் வரப்போகிறது. ஒவ்வொரு சிலையின் படத்துக்குக் கீழேயும் மூலக்கதையைக் குறிப்பிட வேண்டும். கிடைக்கிற குறிப்புகளெல்லாம் "கிரிம் சகோதரர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. முக்கியமாக மூன்று சந்தேகம்: கழுத்து நீளும் ஆள், காகிதக் குப்பையை விழுங்கும் குண்டன், 'இந்திய அல்லிகள்'. கடைசியாகச் சொன்னது நம் ஊர்க் கதையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஏடு:
மூன்றில் ஒன்றுதான் கிரிம்.

கழுத்து நீளும் ஆள், டச்சில் லாங்நெக். 1952 மே 31 அன்று கதைக்காடு திறந்தபோதே இருந்த பத்துக் கதைகளில் ஒன்று. மூலம் கிரிம் தொகுப்பில் 134ஆம் கதையான 'ஆறு வேலைக்காரர்கள்'. ஒரு சூனியக்கார அரசியின் மகளை மணக்க வந்த இளவரசன், செங்கடலில் விழுந்த மோதிரத்தை எடுத்துவர வேண்டும். கூர்ங்கண்ணன் ஒருவன் அது ஒரு கல் முனையில் தொங்குவதைப் பார்த்துச் சொல்கிறான், குண்டன் கடலையே குடித்து வற்ற வைக்கிறான், நெடியவன் குனிந்து எடுக்கிறான். கவனியுங்கள்: கதையில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பவன் அந்தக் கூர்ங்கண்ணன். உடம்பே நீண்டு வளர்பவன் வேறு ஆள். பூங்காவில் இருப்பதோ கழுத்து மட்டும் மேலே எழும் உருவம். அதனால் "கிரிம் கதையின் நெடியவன்" என்று போட்டால் முழுக்கச் சரியாகாது. "ஆறு வேலைக்காரர்களில் ஒருவன்" என்று போடுங்கள், போதும்.

குப்பை விழுங்கும் ஹோல்லே போல்லே ஹெய்ஸ் எந்தத் தேவதைக் கதையிலும் இல்லை. டச்சுக் குழந்தைப் பாட்டில் வரும் பெருந்தீனிக்காரன் அவன். மாடு, கன்று என்று வரிசையாக விழுங்கியும் பசி அடங்காது. 1950களின் இறுதியில் அவனைக் குப்பைத்தொட்டியாக்கினார்கள். "காகிதம் இங்கே" என்று குரல் கொடுப்பான், வாயருகே நீட்டினால் காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு நன்றி சொல்வான். பிள்ளைகள் குப்பையைத் தேடிப் பொறுக்கி வந்து போடுகிறார்கள் என்றால் வடிவமைத்தவருக்குத்தான் பாராட்டு.

இந்திய அல்லிகள் (1966) பெயரில் மட்டும்தான் இந்தியா. எழுதியவர் பெல்ஜிய அரசி ஃபாபியோலா. ஸ்பெயின் நாட்டுப் பிரபுக் குடும்பத்துப் பெண். 1960இல் அரசரை மணப்பதற்கு முன்பே, 1955இல் வெளிவந்த அவரது ஸ்பானியக் கதைத்தொகுப்பில் இருப்பது. சூனியக்காரியின் கோபத்துக்கு ஆளாகி அல்லிமலரானவர்கள் பற்றிய கதை. பஞ்சதந்திரத்திலோ கதாசரித்சாகரத்திலோ தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தூரிகை:
பறக்கும் பக்கீரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பளத்தில் போய்வருவான், குழல் ஊதினால் டியூலிப் முளைக்கும். இது பூங்காவே கற்பித்த காட்சி, பழங்கதை கிடையாது. வடிவமைத்த ஆன்டன் பீக் ஆயிரத்தொரு இரவுகளுக்கும் படம் வரைந்தவர். கம்பளம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவா, ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களா என்று குழம்பும் இடங்களில் கதையின் பெயரை நம்பாதீர்கள், காட்சியைப் பாருங்கள். தூங்கும் அழகியின் கோட்டையில் ராஜா ராணியும் தூங்கினால் கிரிம் (1812). பெரோவின் 1697 வடிவத்தில் அவர்கள் இருவரும் தூங்காமல் வெளியேறிவிடுவார்கள். சிண்ட்ரெல்லாவுக்குக் கண்ணாடிக் காலணி என்றால் பெரோ; தாயின் கல்லறை மேல் மரமும் பறவையும் என்றால் கிரிம். சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாயின் வயிற்றிலிருந்து வெளியே எடுப்பவன் வந்தால் அது கிரிம், பெரோவில் ஓநாய் தின்றதோடு சரி. ஸ்னோ ஒயிட்டின் குள்ளர்களுக்குக் கிரிம்மில் பெயரே கிடையாது. அந்த ஏழு பெயர்கள் 1937 டிஸ்னி படத்துக்காக வைத்தவை, படக்குறிப்பில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக் காலணிகள் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கதை. பூங்காவில் காலணி மட்டும் தனியாக ஆடும். மூலத்தில் அந்தப் பெண்ணின் பாதங்களை மரணதண்டனை நிறைவேற்றுபவன் வெட்டி எடுக்க, பாதத்தோடுதான் காலணி ஆடிக்கொண்டு போகும். சிறுவர் இதழில் இதை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பாடு.

சிறுவர்இதழ்:
மிக்க நன்றி. இன்னொன்று: ஒரே உருவத்தின் பழைய படத்திலும் புதிய படத்திலும் முகம் வேறு மாதிரி இருக்கிறதே?

பைபர்_பட்டறை:
திறந்தவெளி உருவங்களுக்குச் சாதாரணம். கட்டடங்களுக்கு நிஜச் செங்கல், நிஜ மரம்தான் வேண்டும் என்று பீக் பிடிவாதம் பிடித்தவர். அவை பழசானால் அழகு கூடும். உருவங்கள் அப்படியில்லை. மழையில் ஊறும், பனியில் விரியும், தோல் வெடிக்கும். மறுபடி செய்யும்போது செதுக்குபவர் கை மாறினால் முகமும் மாறும். 1965இல் பூங்காவில் சேர்ந்த வடிவமைப்பாளர் டோன் வான் டி வென் காலத்திலிருந்து முகபாவம் கூர்மையானது என்பது என் கணிப்பு.

பைபரில் (கண்ணாடி இழையில்) செய்யும் பொது முறை: களிமண்ணில் உருவம், அதன்மேல் துண்டு துண்டாக அச்சு, மெழுகு, பிறகு அரை மில்லிமீட்டர் ஜெல்கோட் (வெளிப்பூச்சு). அது விரலில் பிசுபிசுக்கும் பதத்தில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு), இரண்டு மூன்று அடுக்கு, மேட்டின் எடையைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் (இறுகும் பிசின்). ஜெல்கோட் மெல்லிசாகிப் போனால் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதைச் சுருக்கி முதலைத்தோல் ஆக்கிவிடும். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி மூக்கு, காது கோணும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அதன்பிறகே 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் பொருள்). இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

அசையும் உருவங்களில் முதலில் போவது கழுத்து மூட்டு. தண்ணீர் அங்கேதான் இறங்கும். அடியில் 8, 10 மி.மீ. வடிதுளை விடாவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பைபர் தோலைப் பிளந்துவிடும். ஆகவே படக்குறிப்பில் கதையோடு படம் எடுத்த ஆண்டையும் போட்டுவிடுங்கள், முகம் ஏன் வேறு என்று வாசகர் கடிதம் வராது.