[கலைச்சொல்] விசிறி இல்லாத ரேடியேட்டர்: நாளை மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். சத்தமில்லாத கணினியை நீரால் குளிர்விப்பது பற்றிய கையேடு ஒன்றை நாளை மாலைக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். செயலிச் சில்லின் மேல் ஒரு செப்புக் கட்டி. அதற்குள் ஓடும் நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, குழாய் வழியே பெட்டிக்கு வெளியே நிற்கும் பெரிய தகட்டு அடுக்குக்குப் போகிறது. அங்கே விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலெழும்போது வெப்பமும் போய்விடும். இந்த அடுக்கைத்தான் ஆங்கிலத்தில் பேசிவ் ரேடியேட்டர் என்கிறார்கள். கையேட்டில் 41 இடங்களில் வருகிறது. படத்தில் அதற்கு ஒதுக்கிய கட்டம் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது.

'செயலற்ற கதிர்வீசி' என்று போட்டு என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். "கதிர்வீச்சு வருமா? படுக்கையறையில் வைக்கலாமா?" என்று முதலில் கேட்டாள். பிறகு, "செயலற்றுப் போனதை ஏன் வாங்க வேண்டும்?" உதவுங்கள்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

தங்கையின் இரண்டு கேள்வியும் நல்ல கேள்வி. ரேடியேட்டர் என்ற பெயரே பாதிப் பொய். விசிறி வைத்த ரேடியேட்டரில் வெப்பம் கிட்டத்தட்ட முழுவதும் காற்றோடுதான் போகிறது. கதிராக வெளியேறுவது சொற்பம். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று நாம் வகுப்பில் ஒப்பிக்க வைக்கும் மூன்றில் சலனமே அங்கே வேலை செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், விசிறியைக் கழற்றிவிட்டால் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் நியாயம் வந்துவிடுகிறது. திறந்த வெளியில் நிற்கும் சாயம் பூசிய தகட்டில் கதிர்வீச்சும் சலனமும் ஏறத்தாழச் சரிபாதி. இரண்டும் சேர்ந்து, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு, சுமார் 10 வாட். 200 வாட் வெப்பத்தை அறையைவிட 20 பாகை கூடுதலான தகட்டில் விட வேண்டுமானால் 1 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அதனால்தான் அது அவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஆனால் செதில்கள், அதாவது அடுக்கிலுள்ள மெல்லிய தகடுகள், ஒன்றையொன்று பார்த்து நின்றால் ஒன்று வீசுவதை மற்றது வாங்கிக்கொள்ளும். வெளிப்புறம் வீசுவதுதான் கணக்கில் சேரும். எனவே கதிரை விட்டுவிடுங்கள்.

'செயலற்ற' என்பதையும் விடுங்கள். பம்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

இலக்கணம் பயிற்றுவிக்கும் அம்மா எழுதியது:

> 'செயலற்ற' என்பதையும் விடுங்கள்.

விடலாம், ஆனால் காரணம் வேறு. பேசிவ் என்றதும் நமக்குச் செயப்பாட்டு வினைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே வேண்டியது தன்வினை. ஆறு, ஆற்று என்ற இணையைப் பாருங்கள். தானே தணிந்தால் ஆறியது. இன்னொருவர் தணித்தால் ஆற்றினார். 'ஆறுவது சினம்' என்றாரே ஔவை, அந்த ஆறுதல்தான் இந்தத் தகட்டுக்கும். விசிறி வைத்தது ஆற்றி. விசிறி இல்லாதது ஆறி. வினை வேற்றுமையே பொருள் வேற்றுமையைக் காட்டிவிடுகிறது. அடைமொழியே தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, அழகாக இருக்கிறது. ஆனால் "நீர் ஆறி வழியாகச் சென்று" என்று எழுதினால் 'ஆறி'யை வினையெச்சமாகவே படிப்பார்கள்.

இலக்கணம் பயிற்றுவிக்கும் அம்மா எழுதியது:

'விசிறி'யும் வினையெச்சம்தான். யாராவது குழம்பினார்களா?

சொல்லாராய்ச்சி செய்யும் பெரியவர் எழுதியது:

கதிரை இவ்வளவு எளிதாகக் கைவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ரேடியேட்டருக்கு மூலமான லத்தீன் ரேடியஸ் என்ற சொல் ஒளிக்கதிரையும் குறிக்கும், சக்கரத்தின் ஆரக்காலையும் குறிக்கும், நெசவாளர் கையிலுள்ள ஓடத்தையும் குறிக்கும். தமிழில் கதிர் ஒளியையும் குறிக்கும், நூல் நூற்கும் கருவியின் கம்பியையும் குறிக்கும். வட்டத்தின் ஆரம் என்று நாம் சொல்வதும் ஆரக்காலோடு தொடர்புடையது. நெசவும் ஒளியும் சக்கரமும் இரு மொழியிலும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. இது தற்செயலா? ஆர் என்ற வேரிலிருந்து தொடங்கினால்...

(இதற்குப் பின் அவர் எழுதிய நான்கு பத்திகளை இடம் கருதி வெட்டியிருக்கிறேன். முழுவதையும் படிக்க விரும்புவோர் அவரிடமே கேட்கலாம். – மட்டுறுத்துநர்)

கணினி பழுதுபார்க்கும் நண்பர் எழுதியது:

ஐயா, நூல் நூற்கும் கம்பி வரை போய்விட்டோம். நாளை மாலை இன்னும் நாளை மாலையாகவே இருக்கிறது.

என்னிடம் வருபவர்கள் எல்லோரும் ரேடியேட்டர் என்றுதான் சொல்கிறார்கள். பஸ், டிக்கெட் போல அதுவும் நுழைந்து குடியேறிய சொல். 'விசிறி இல்லாத ரேடியேட்டர்' என்று எழுதினால் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேசிவ் ரேடியேட்டர் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒலிபெருக்கியிலும் அதே பெயரில் ஓர் உறுப்பு உண்டு: காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாத வெறும் கூம்பு, பெட்டிக்குள் அடைபட்ட காற்று தள்ளுவதால் ஆடுவது. ஆங்கிலத்துக்கே ஒரு சொல்லில் இரண்டு பொருள் முட்டும்போது, அதை நிழல்போல் பின்தொடர நமக்கு என்ன கட்டாயம்?

சொல்லாராய்ச்சி செய்யும் பெரியவர் எழுதியது:

குடியேறிய சொல் என்கிறீர்கள். வாடகை யார் கொடுக்கிறார்கள்? இன்று ரேடியேட்டர், நாளை அதன் செதிலுக்கு ஃபின், மறுநாள் தமிழில் எஞ்சுவது வேற்றுமை உருபு மட்டும்.

கணினி பழுதுபார்க்கும் நண்பர் எழுதியது:

விளங்காத தூய தமிழைக் கையேட்டில் போட்டால் படிப்பவர் ஆங்கிலக் கையேட்டைத் தேடிப் போவார். அப்போது உருபுகூட மிஞ்சாது.

மாணவர் ஒருவர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'சும்மா ஆற்றி' என்றால் என்ன? சும்மா இருப்பது அரிது என்று தாயுமானவரே சொல்லியிருக்கிறார்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்த சொல் இதுதான். அச்சிட முடியாது என்பது வேறு விஷயம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சோதனைக்காக எல்லா இடத்திலும் 'ஆற்றி' என்று மாற்றிப் பார்த்தேன். பிழைதிருத்தி 'ஆற்றியில்' என்பதை ஏற்க மறுத்து 'ஆற்றில்' என்று திருத்திவிட்டது. இப்போது ஒன்பதாம் பக்கம் இப்படி இருக்கிறது: "ஆற்றில் நீர் குறைந்தால் மூடியைத் திறந்து நிரப்பவும்."

அம்மா தனிமடலில் 'ஆறுதகடு' என்ற வினைத்தொகையை அனுப்பினார்கள். சுடுநீர், குடிநீர் போல இலக்கணம் சுத்தம். ஆனால் படம் வரைபவர் இடைவெளி விட்டு 'ஆறு தகடு' என்று போட்டுவிட்டு, "எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல் இருக்கிறதே?" என்று கேட்கிறார்.

இலக்கணம் பயிற்றுவிக்கும் அம்மா எழுதியது:

இடைவெளி விட்டது அவர் குற்றம். சொல்லின் குற்றம் அன்று. சரி, வெப்பத்தை முன்னே சேர்த்து 'வெப்பாற்றி' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் விழாது. முன்னால் 'விசிறா' சேர்க்கலாம், ஓடாக் குதிரை போல, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'விசிறா வெப்பாற்றி.' தானே ஆறுவதை ஆற்றி என்று செய்வதாகச் சொல்லலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்வதற்குத் தொல்காப்பியத்திலேயே இடம் இருக்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்று உரைகாரர்கள் காட்டுவார்களே, அதுதான்.

கணினி பழுதுபார்க்கும் நண்பர் எழுதியது:

வெப்பாற்றி பரவாயில்லை, கேட்டதும் புரிகிறது. ஆனால் 'விசிறா' என்றால் விசிறி இருந்து ஓடாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. பழுது என்று என்னிடம் தூக்கி வருவார்கள். 'விசிறியில்லா' என்று முழுதாகச் சொல்லுங்கள். கம்பியில்லா என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

விசிறியில்லா வெப்பாற்றி: எண்ணினேன், பதினோரு எழுத்து. இடைவெளியைச் சேர்த்தால் பன்னிரண்டு. கட்டத்தில் மயிரிழையில் அடங்குகிறது. முதல் முறை வரும்போது மட்டும் 'விசிறி இல்லாத ரேடியேட்டர்' என்று விளக்கிவிட்டு, மற்ற 40 இடங்களிலும் இதையே போடுகிறேன். மறுப்பு இருந்தால் காலைக்குள் சொல்லுங்கள்.

மாணவர் எழுதியது: சரி.

கணினி பழுதுபார்க்கும் நண்பர் எழுதியது: சரி. தூக்கம் வருகிறது.

இலக்கணம் பயிற்றுவிக்கும் அம்மா எழுதியது: 'விசிறா'வில் உள்ள சுருக்கம் போய்விட்டது. இருந்தாலும் சரி.

சொல்லாராய்ச்சி செய்யும் பெரியவர் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இல்லாத ஒன்றைச் சொல்லி இருக்கிற ஒன்றுக்குப் பெயரிடுகிறீர்கள். விசிறியே எங்கும் இல்லாமல் போகும் காலத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருக்கும்? ஆர் என்ற வேர் பற்றி வெட்டப்பட்ட என் பத்திகளைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

பெரியவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்குக் கவலை வேறு. உங்கள் படத்தில் செதில்கள் விசிறி வைத்த ரேடியேட்டரில் இருப்பதுபோல் நெருக்கமாகவும், கிடைமட்டமாகவும் இருக்கின்றன. விசிறி இல்லாவிட்டால் அந்த இடுக்கில் காற்று ஏறாது. இடைவெளியைக் கூட்டி, செங்குத்தாக வரையச் சொல்லுங்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அப்படி வரைந்தது வெப்பத்தை ஆற்றாது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, படம் வரைபவர் தூங்கப் போய்விட்டார்.