சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் இணையத்தளம் பார்த்துக்கொள்கிறவர்களின் அனுபவக் குறிப்புகள் (பெயருக்குப் பதில் அவரவர் வட்டாரம்)

ஈசூன்:
ஞாயிறு காலை 7.30 ஆராதனை தளத்தில் சனி இரவு 11.30 என்று காட்டினால், சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் பொது அமைப்பில் நேர மண்டலத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். சில காலண்டர் பிளகின்கள் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணைச் செயலிகள்) ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மண்டலத்தைத் தனியாகச் சேமித்திருக்கும். ஏற்கெனவே போட்டவற்றையும் திறந்து திருத்தி, கேஷை, அதாவது தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை, காலி செய்யுங்கள். புனித வெள்ளிக்கும் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கும் ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுவது நல்லது. தொழிலாளர் விடுதியிலிருந்து பஸ் மாறி வரும் தம்பிகளுக்கு நேரம் தப்பினால் கிடைத்த ஒரே ஓய்வு நாளும் போய்விடும்.

தெம்பனிஸ்:
ஈசூன் பிரதர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசங்கத் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் பக்க முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரிகிறது. வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். புள்ளியும் கால் கொம்பும்கூடத் தனிக் குறியீடுதான். ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ மட்டுமே 182 எழுத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த சொல் முதலெழுத்தோடு அறுந்துபோகும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைப் பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறி வரும். முகவரியை மட்டும் தேதியும் வேதபுத்தகப் பெயரின் ஆங்கில எழுத்துமாகக் கைப்பட மாற்றுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

ஒலிப்பதிவு பேச்சு மட்டும் என்றால் மோனோ (ஒற்றைத் தடம்), ஒலித்தரம் 64 கேபிபிஎஸ் போதும். 40 நிமிடப் பிரசங்கம் சுமார் 19 எம்பி. 128-ல் இரண்டு மடங்கு. ஏற்றும்போது நின்றுபோனால் சர்வரில் வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பியின் வரம்பைப் பாருங்கள். இயல்பில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத்துக்கு 8 எம்பி. இரண்டையும் சேர்த்து உயர்த்தாவிட்டால் பயனில்லை.

உட்லண்ட்ஸ்:
பழைய சபை மடல்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தபடியே தளத்தில் ஏற்றியிருப்பவர்கள் தயவுசெய்து மாற்றுங்கள். பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். கூகுள் தேடாது, பார்வையற்றோருக்கான வாசிப்புச் செயலி உளறும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் அதை யூனிகோடாக, அதாவது எல்லாக் கணினியும் தமிழாகவே அறியும் முறைக்கு, மாற்றித் தரும். ஆனால் பாமினியில் அரைப்புள்ளிச் சாவிதான் மெய்யெழுத்துப் புள்ளி. ஆங்கில எழுத்துருவில் அடித்த ‘3:16; 4:2’ மாதிரி வசனக் குறிப்பையும் சேர்த்து மாற்றினால் 6-ன் தலையில் புள்ளி ஏறிவிடும். ஆங்கிலப் பெயர்கள் அர்த்தமில்லாத தமிழாகும். அந்தப் பகுதிகளைப் பிரித்து வைத்துவிட்டு மாற்றி, வசன எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வேதவசனம், அவசரம் வேண்டாம்.

ஜூரோங்:
எல்லாவற்றுக்கும் மேலே, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் கையில்? புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல், சபையை விட்டுப் போன தொண்டூழியரின் சொந்த முகவரிக்குப் போனால் யாருக்கும் தெரியாமலே தளம் அணைந்துவிடும். பதிவு சபையின் பெயரிலும், மின்னஞ்சல் செயலாளர் பொறுப்புக்கான பொது முகவரியிலும் இருக்கட்டும். டாட் எஸ்ஜி டொமைனைப் புதிதாகப் பதிந்தால் நிர்வாகத் தொடர்பாளர் அரசாங்க மின்அடையாளமான சிங்பாஸ் மூலம் 21 நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும், தவறினால் முடக்கிவிடுவார்கள்.

காணிக்கைப் பக்கத்தில் பணம் அனுப்புவதற்கான பேநவ் கியூஆர் குறியீடு சபையின் யூஇஎன் எண்ணில் (அமைப்புகளுக்கான பதிவு எண்) இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் வருவது சபையின் பெயர்தானா என்று பாருங்கள். தளத்துக்குள் புகுந்த யாராவது படத்தை மாற்றிவிட்டால் பக்கம் பார்க்க அப்படியேதான் இருக்கும்.

தெம்பனிஸ்:
முகாம் பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டம் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். சட்டம் கேட்காத இடத்தில் அதை வாங்கக்கூடாது என்ற விதி 1.9.2019 முதல் நடப்பில் இருக்கிறது. மடலின் ஜெபக் குறிப்பும் அப்படித்தான். பெயர், நோய், வார்டு எண் மூன்றும் பிடிஎஃபில் இருந்தால் யார் தேடினாலும் கிடைக்கும். அச்சுப் பிரதியில் இருக்கட்டும், இணையப் பிரதியில் வேண்டாம். ஏற்கெனவே ஏற்றியதற்கு இணைப்பை எடுத்தால் போதாது. மீடியா நூலகத்தில் கோப்பையே அழித்து, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலிலும் நீக்கச் சொல்லிக் கோரிக்கை கொடுங்கள்.