"போயிட்டு வரேன்" என்று சொன்ன பையன்

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியபோது, ஸ்பைடர்மேன் கதைகளின் பீட்டர் பார்க்கரைப் போன்ற பள்ளிப் பையன் ஒருவன் தனக்கு வாய்த்த வல்லமையே வேண்டாம், மற்றவர்களைப் போல் இருந்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டே ஏன் மறுபடியும் மறுபடியும் முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டோம். கருத்து மட்டும் சொல்லக் கூடாது, அவரவர் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று நான் சொன்னதையும், மற்றவர்கள் சொன்னதில் என் மனத்தில் தங்கியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்பைடர்மேன் என் வாழ்க்கைக்குள் வந்தது என் அண்ணன் மூலமாக. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு முன்பு, அண்ணன் சைக்கிளில் அங்கே போய்ப் பழைய ஆங்கிலச் சித்திரக்கதைகளை வாங்கி வருவான். அட்டை இல்லாத இதழ்கள் மலிவாகக் கிடைக்கும் என்பதால் எங்கள் வீட்டில் இருந்த இதழ்களில் பாதிக்கு அட்டையே கிடையாது. அப்படி வந்த ஒரு மறுபதிப்பில்தான், 1962 ஆகஸ்டில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் முதன்முதலாகச் சொன்ன அந்தப் பதினோரு பக்கக் கதையைப் படித்தேன். அதுவரை அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பதின்பருவத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய நாயகனின் எடுபிடிகளாகவே வந்தார்கள் என்பதும், இந்தப் பையனைத் தனியாக நிற்க வைத்ததே அன்றைக்குப் புதுமை என்பதும் எனக்குப் பின்னாளில் தெரிந்த செய்திகள். அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு காட்சிதான். தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு திருடன் பீட்டர் பார்க்கரைக் கடந்து ஓடுகிறான். துரத்தி வரும் காவலர், ஏன் அவனைத் தடுக்கவில்லை என்று கேட்கிறார். அது என் வேலை இல்லை என்கிற பொருளில் பீட்டர் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "எனக்கென்ன வந்தது?" அதே திருடன்தான் பிறகு அவனுடைய பென் மாமாவைக் கொல்கிறான். வல்லமையோடு சேர்ந்து வரும் பொறுப்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வரியை மாமா சாகும்போது சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் கதையில் அதை யாருமே சொல்வதில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குறிப்பாக மட்டுமே அது வருகிறது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அவனுக்கு யாரும் அறிவுரை சொல்லி அனுப்பவில்லை. தான் ஒருமுறை "எனக்கென்ன" என்று சொன்னது மட்டும்தான் அவனிடம் இருந்தது.

இதற்குப் பிறகு அவன் தனி இதழாக வந்தபோது, 1963ஆம் ஆண்டின் முதல் இதழில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவள் என்பதால் அதை நான் மறக்கவே முடியாது. வீட்டு வாடகைக்குப் பணம் இல்லை. முகமூடியோடு வித்தை காட்டி அவன் சம்பாதித்த தொகைக்கு "ஸ்பைடர்மேன்" என்ற பெயரிலேயே காசோலை தருகிறார்கள். வங்கியில், அந்தப் பெயரில் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கவுண்டரில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், விதி அப்படி. அதே இதழில், அவனுடைய மே அத்தை நகையை அடகு வைக்கப் போவதை அவன் மறைந்து நின்று பார்க்கிறான். நகைக்கடன் பிரிவில் இருந்த நாட்களில் தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றை மாட்டிக்கொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்; வாசலில் நின்றபடி உள்ளே வராமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பீட்டர் ஏங்கிய சாதாரண வாழ்க்கை ஆடம்பரமான ஒன்றல்ல. ஒன்றாம் தேதி வாடகையைக் கொடுத்துவிட்டு இரவில் நிம்மதியாகப் பாடம் படிப்பது, அவ்வளவுதான்.

அவன் உண்மையிலேயே எல்லாவற்றையும் தூக்கி எறிந்த கதை 1967 ஜூலையில் வந்த ஐம்பதாவது இதழில் இருக்கிறது. ஓவியம் ஜான் ரொமிட்டா. அத்தைக்கு உடம்பு சரியில்லை, கல்லூரியில் மதிப்பெண் இறங்குகிறது, பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அவனை ஊருக்கே எதிரியாக்கி எழுதிக்கொண்டிருக்கிறார். சந்தின் குப்பைத் தொட்டியில் அந்த உடையைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நடந்து போகிறான். பிறகு ஒருநாள், ஒரு வயதான இரவுக் காவலாளியைத் திருடர்கள் அடிப்பதைக் காண்கிறான். முகமூடியும் இல்லை, உடையும் இல்லை. அன்றாட உடையிலேயே சுவரில் ஏறிப் போய் அவரைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றிய பிறகுதான் அவருடைய முகம் மாமாவின் முகத்தைப் போல இருப்பதைக் கவனிக்கிறான், அதன் பிறகுதான் பழைய நிகழ்ச்சி முழுவதும் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையை நான் பல முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். நினைவு வந்ததால் அவன் ஏறவில்லை. முதலில் ஏறினான், காரணம் பின்னால் வந்து சேர்ந்தது.

எங்கள் வட்டத்தில், தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குற்ற உணர்வுதான் அவனை விரட்டுகிறது, வேறொன்றும் இல்லை என்றார். இந்த ஐம்பதாவது இதழின் கதையை ஒட்டி 2004இல் வந்த திரைப்படத்தைத் தமிழில் தன் மகனோடு பார்த்ததை அவர் சொன்னார். ஓடும் ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழும் அவனைப் பயணிகள் கைமாற்றி உள்ளே கொண்டுவந்து படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்த ஒருவர், இவன் சின்னப் பையன், என் மகன் வயதுகூட இருக்காது என்கிற மாதிரி வியக்கிறார். அந்த இடத்தில் பக்கத்தில் இருந்த தன் பன்னிரண்டு வயது மகனின் கையை, ஏன் என்று தெரியாமலேயே, தான் இறுகப் பிடித்துக்கொண்டதாகச் சொன்ன அவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வாதத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை என்றாலும் அந்தக் கையை நான் நம்புகிறேன்.

திருவல்லிக்கேணியிலிருந்து வரும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அன்று முதன்முறையாகப் பேசினாள். அவளுக்குப் பிடித்த சித்திரக்கதை நாயகி, 2014இல் தனித் தொடராக வெளிவரத் தொடங்கிய கமலா கான். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், இரவில் வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள், போனால் திட்டு விழும். "எனக்கும் மஃக்ரிபுக்கு, அதாவது மாலைத் தொழுகைக்கு, முன்னாடி வீட்டுல இருக்கணும், அதனால அவளைப் பிடிக்கும்" என்று தொடங்கியவள், பிறகு தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. மருத்துவரிடம் போனாலும், மின்கட்டணத்தில் ஏதாவது தகராறு என்றாலும், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் ஆறு வயதிலிருந்து இவள்தான் கைச்சைகையை வாய்ப்பேச்சாகவும் வாய்ப்பேச்சைக் கைச்சைகையாகவும் மாற்றிச் சொல்கிறாள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டு, கிளம்ப வேண்டிய நாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்ததால் பேருந்துக்குப் பதிலாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். "எனக்கு ரொம்பக் கோபம் வந்துச்சு. ஆனா டாக்டர் பேச ஆரம்பிச்சதும் கை தானா பேசுது." அவள் மடியில் இருந்த கைகள் அதைச் சொல்லும்போதும் அசைந்துகொண்டுதான் இருந்தன.

நான் சொன்னது என் மாணவன் ஒருவனைப் பற்றி. அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில் சில ஆண்டுகள் மாலை வேளையில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்தேன். 2015இல் அவன் பிளஸ் டூ வணிகவியல் படித்துக்கொண்டிருந்தான், வயது பதினேழு. தொழிலுக்குப் போகமாட்டேன், கடல் வேண்டாம், ஏசி அறையில் மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதை அவன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். அவன் அப்பாவும் அதற்குச் சம்மதித்து, படகில் ஏறச் சொல்லி அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை. டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேற, அடையாறு கரையை மீறிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மறுநாள் காலையில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை மினி லாரிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் அப்பாவுக்குக் காய்ச்சல். சித்தப்பாவோடு போக இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

தெருவுக்குள் எஞ்சினை ஓட்ட முடியாது. மூழ்கிக் கிடக்கும் சுற்றுச்சுவரிலும் ஒயரிலும் எஞ்சினின் சுழலும் இலை மாட்டிக்கொள்ளும். மூங்கில் கழியால் ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டும், மாடிக் கம்பியில் கயிற்றைக் கட்டிப் படகை நிறுத்த வேண்டும். கயிறு இழுத்து இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துவிட்டது. கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வயதான ஒருவர் தனியாக நின்றிருக்கிறார். அவர் படகில் ஏறவில்லை. பின்தெருவில் பச்சைக் குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள் என்று கைகாட்டியிருக்கிறார். இவன் கழியை ஊன்றித் திரும்பும்போது, நாம் எல்லாரும் எல்லா வாசலிலும் சொல்வதைப் போல, "போயிட்டு வரேன் தாத்தா" என்று சொல்லியிருக்கிறான்.

குழந்தையைச் சேர்த்துவிட்டு வருவதற்குள் இருட்டிவிட்டது. இருட்டில் நீரோட்டத்துக்குள் போகக் கூடாது என்று சித்தப்பா திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, போதும், இனி என்னைக் கூப்பிடாதீர்கள், நான் படிக்க வேண்டும் என்று அழுதிருக்கிறான். அம்மா கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்க வைத்திருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்குச் சித்தப்பாவை எழுப்பியது அவன்தான்.

தை மாதம் வகுப்பு மீண்டும் தொடங்கியபோது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் போனாய் என்று கேட்டேன். பேரேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல் பதில் சொன்னான்: "தாத்தாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன் மிஸ். சொல்லும்போது ஒண்ணும் நினைக்கல. ராத்திரி பூரா அது மட்டும்தான் காதுல கேட்டுட்டிருந்துச்சு." அந்தப் பெரியவர் காலையில் அதே மாடியில்தான் இருந்தார். படகில் ஏறும்போது அவனிடம் நன்றி சொல்லவில்லையாம். "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாராம்.

குற்ற உணர்வு ஒருவனை ஒருமுறை ஓட வைக்கும், இரண்டு முறைகூட ஓட வைக்கும். ஆண்டுக்கணக்கில் ஓட வைக்காது. நடுவில் எங்காவது கணக்கு நேராகிவிட்டது என்று மனம் சொல்லிவிடும். மாமாவுக்கு ஈடாக எத்தனை பேரைக் காப்பாற்றினால் போதும் என்று பீட்டர் ஓரிடத்திலும் எண்ணிப் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. "எனக்கென்ன" என்ற சொல் அவன் வாயில் இனி வராது என்பதுதான் அவனுக்கு நேர்ந்தது. அது இல்லாமல் போனவன், தெருவில் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் சொல்லாமலே "வரேன்" என்று சொன்னவனாகிவிடுகிறான். அந்த இதழ்களை எழுதியவர்கள் இதன் விலையை மறைக்கவில்லை என்பதால்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை. வெளியே கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் ஒவ்வொரு இரவும் வீட்டில் மே அத்தை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் அவன் "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோது, அவன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏசி அறை, சொந்த மேசை, எல்லாம் அவன் ஆசைப்பட்டபடி. குப்பம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அவன் எண்ணுக்கு அழைத்தேன். அவன் அம்மாதான் எடுத்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனான் மிஸ், குழம்பு ஆறிப் போச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் அவனே அழைத்தான். எங்கே போனான், எத்தனை பேரை ஏற்றினான் என்று நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். அவன் கவலையெல்லாம் வேறு. பதினோராம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும், அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து கோப்புகள் நனைந்திருக்கின்றன, இரண்டு வாடிக்கையாளர்களின் பில்கள் இன்னும் வந்து சேரவில்லை, மிஸ், என்ன செய்யலாம் என்று கேட்டான். ஒவ்வொரு கணக்காக அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.