பழைய படத்தை ஸ்கேன் செய்ய எந்த டிபிஐ சரி? அவசரம்

கீழவாசல்: வணக்கம். அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனரில் டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது, 300, 600, 1200, 4800 என்று காட்டுகிறது. கூடுதலாக வைத்தால் தெளிவாக வரும் என்று எண்ணி 4800-இல் எடுத்தேன். கோப்பைத் திறந்தாலே கணினி திணறுகிறது. முகமும் தெளிவாக இல்லை. எதை வைக்க வேண்டும்?

நெல்மணி: படத்தின் அளவு என்ன? கையில் இருப்பது பிரிண்டா, நெகட்டிவா? எவ்வளவு பெரிதாக்கப் போகிறீர்கள்? இவற்றைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

இருட்டறை: பிரிண்ட் என்றால் 600 போதும். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை அதில் எடுத்தால் 3600க்கு 2400 புள்ளிகள் கிடைக்கும். அதை 12க்கு 8 அங்குலமாகப் போட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் நிற்கும். நெகட்டிவ் என்றால் கணக்கே வேறு. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36க்கு 24 மி.மீ.தான் என்பதால் குறைந்தது 2400 வேண்டும். பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் மூடியுள்ள ஸ்கேனரும் வேண்டும்.

கணக்கர்: ஸ்கேனர் வாங்குவோர் அதன் கையேட்டையும் ஒருமுறை புரட்டினால் இந்தக் கேள்வி மாதந்தோறும் இங்கே வராது. பல மலிவான கருவிகளில் மிகப் பெரிய எண் என்பது லென்ஸ் பார்ப்பதல்ல, இடையிலுள்ள புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புவது. தவிர, இங்கே சொல்ல வேண்டியது பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது. டிபிஐ என்பது அச்சுக் கருவியின் மைப்புள்ளிகளுக்கு உரியது.

நெல்மணி: ஐயா, ஸ்கேனரின் திரையிலேயே டிபிஐ என்றுதான் போட்டிருக்கிறார்கள். கேட்டவர் அதைத்தானே சொல்வார்?

கணக்கர்: தயாரிப்பாளர் தவறாக எழுதினால் நாமும் தவறாகவே பேச வேண்டும் என்பதில்லை.

இருட்டறை: பெயரை எப்படி வைத்தாலும் காகிதத்தில் இல்லாத நுணுக்கம் ஸ்கேனரில் வராது என்பதே விஷயம்.

கீழவாசல்: மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் அளவுப் பிரிண்ட், நெகட்டிவ் இல்லை. வெள்ளிக்கிழமை முதல் திவசம். 12க்கு 15 அங்குலத்தில் சட்டம் போட வேண்டும்.

இருட்டறை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. மூன்றரைக்கு நாலரை செ.மீ. படத்தை 300-இல் எடுத்தால் 413க்கு 531 புள்ளிகளே கிடைக்கும், அது போதவே போதாது. 1200 வையுங்கள், ஏறக்குறைய 1650க்கு 2125 வரும். பன்னிரண்டு அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 138 புள்ளிகள்தான் என்றாலும், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது ஒப்பேறும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள், ஏனெனில் பழுப்புக் கறையைப் பிரித்து நீக்க அதுதான் உதவும். நுணுக்கத்தை இழந்து சுருக்கும் ஜேபெக் வேண்டாம், இழக்காமல் வைக்கும் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். சொரசொரப்பான பட்டுக் காகிதம் என்றால் அந்தக் காகிதத்தின் புள்ளி வேலைப்பாடும் சேர்ந்து பெரிதாகும். படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையும் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; அந்தக் கடை இன்னும் இருந்து, நெகட்டிவையும் வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் தேவைப்படாது.

கணக்கர்: பிரிண்டில் 600-க்கு மேல் ஒன்றும் இல்லை. 1200 என்பது வெறும் எடை.

இருட்டறை: ஃபிலிமைத் தாளோடு ஒட்டவைத்துப் போட்ட காண்டாக்ட் பிரிண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

கீழவாசல்: 1200-இல் எடுத்துக் கடையில் கொடுத்துவிட்டேன். பின்புறம் முத்திரை இருக்கிறது, எண் அழிந்துவிட்டது. நன்றி.

நெல்மணி: பிரிண்ட் எப்படி வந்தது என்று சொல்லுங்கள்.